பதினொரு குழி

உறுதியில் இருப்பது:
நாலு பரப்பு, பதினொரு குழி.
வடக்கே ஒழுங்கை.
கிழக்கே செல்லாச்சி பிள்ளைகளின் பங்கு.
தெற்கே பங்குக்கிணறு, வழிவாய்க்கால் உரிமையோடு.
மேற்கே பக்டரிக் காணி.

மேற்குத்தான் நடந்து வந்தது.

நில அளவையாளன் நிரோஜன்
மூன்றுகால் கருவியை விளிம்பில் வைத்து
பிறகு ஓரடி பின்னுக்கு இழுத்தான்.
"அக்கா, உங்கட வடமேற்கு மூலைக்கல்
எங்க நிக்க வேணும்?"
கையை நீட்டிக் காட்டினேன்.
அந்தரத்தில் இருந்தது மூலை.
ஒரு மீன்கொத்தி அதற்குள்ளால் போனது,
அறுபதடி கீழே பச்சைத் தண்ணீருக்கு.

முதலில் இந்த ஊருக்குக் கல்தான் சனியன்.
முழங்கால் ஆழம் மண் இல்லை,
மண்வெட்டி வாய் மழுங்கும்.
அதே கல்லை விலைக்குக் கேட்டு
ஒருநாள் ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள்.
மேற்குப் பங்கை விற்ற கந்தப்பசேகரம்
இரண்டு தங்கச்சிமாரைக் கரைசேர்த்தான்.
விற்காதவர்கள் வேலைக்குப் போனார்கள்.

நாலு மணிக்கு வெடி.
சிவப்புக்கொடியோடு சைக்கிளில் வருவார் செபமாலைமுத்து:
"உள்ளுக்குப் போங்கோ! உள்ளுக்கு!"
உலையை இறக்கி வைப்போம்.
சாமிப்படங்களை ஆளுக்கொன்றாய்ப் பிடித்துக்கொள்வோம்.
ஒரு நிமிடம்.
பிறகு நிலம்
ஏப்பம் விடும்.

முருங்கையிலை ஏழுதரம் கழுவினாலும் சாம்பல்.
அப்பா வேலையால் வரும்போது கிழவன்,
கிணற்றடியிலிருந்து வரும்போது முப்பத்தெட்டு வயது.
துளைபோடும் மெஷினில் பதினேழு வருஷம்.
அவரது வலது காது அங்கே போனது.
ஓவர்டைம் காசில்
என் காதுக்குத் தோடு வந்தது.
அம்மா குறை சொல்லத் தொடங்கினால்
மெதுவாக வலப்பக்கத்தைத் திருப்புவார்.

ஒருதரம் சாப்பாட்டுப் பெட்டிக்குள்
கல்லோடு கல்லாய்ப் போன ஒரு சிப்பி கொண்டுவந்தார்.
"முந்தி இது கடலாம்."
"இருந்தா இருந்திட்டுப் போகட்டும்," என்றா மாமி,
"கடலிட்ட உறுதி இருக்கோ?"

கிணறு உவர்த்தபோது ஊர் மனு எழுதியது.
முதல் கையெழுத்து அப்பாவினது.
காலையில் கையெழுத்து,
பின்னேரம் துளை.
இரண்டையும் ஒரே கைதான் செய்தது, நடுங்காமல்.

தொண்ணூறு ஆனியில் ஒருநாள் சங்கு ஊதவில்லை.
நேரம் தெரியாமலே ஓடினோம்.

அன்று குழிக்கும் எங்கள் கோடிக்கும் இடையே
எழுபது யார் தரை.
இருபத்தேழு வருஷம் கழித்துக் கம்பி விலக்கிய காலை
வந்து பார்த்தால்
குசினி இல்லை, பூவரசு இல்லை,
அவை நின்ற இடமே இல்லை.
யார் வெட்டினது என்று எழுத
படிவத்தில் பெட்டி இல்லை.

வீடு: முழுச் சேதம் / பகுதிச் சேதம்.
புள்ளடி போடாமல் இருந்தேன்.
சேதம் என்று சொல்லவும்
ஒரு சுவராவது வேணும்.

"காணி எவ்வளவு?" என்றார் கிராம சேவகர்.
"நாலு பரப்பு."
"குழி?"
"ஒண்டு."
அவர் நிமிர்ந்தார். உறுதியை வாங்கிப் பார்த்தார்.
"பதினொண்டெண்டு கிடக்கு."
"அது எழுதேக்க."

கிழக்கோரம் ஒன்றரைப் பரப்பு மிஞ்சியது.
மிச்சத்துக்கு நிரோஜன் வரைபடத்தில்
நீலப் பென்சிலைத் தேடினான்.

வீட்டுத்திட்டத்தில் எண்பது பை சீமெந்து இறங்கியது.
துறைமுகம் பார்த்து வந்த பைகள்.
குழைத்துக்கொண்டே மேசன் சொன்னான்:
"நல்ல சாமான் அக்கா. வெளிநாடு.
இஞ்ச உப்பிடி எங்க கிடைக்கும்?"

நான்
வலது காதை அவன் பக்கம் திருப்பினேன்.